புளூபெரிக்குச் சாம்பல் வேண்டாம்

கேள்வி: நியூஜெர்சியில், வீட்டுக் கொல்லையில் மூன்று புளூபெரிச் செடிகள் வைத்து இரண்டு வருடமாகிறது. ரசாயன உரம் போடுவதில்லை. ஊரில் அம்மா செய்வதுபோல மாட்டெருவும் விறகுச் சாம்பலும் போட்டேன். இளம் இலைகள் மஞ்சளாகின்றன. வேறு என்ன இயற்கை உரம் போடலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் போடாதீர்கள். ஒரு கொழுந்து இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இருந்தால் அநேகமாக இரும்புச்சத்துக் குறைதான். மண்ணில் இரும்பு இருந்தாலும், மண்ணின் புளிப்பு (அமிலத்தன்மை) குறைந்துவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் உதவுகிற சாம்பல், சுண்ணாம்புபோல அந்தப் புளிப்பை முறித்துவிடும். மாட்டெருவில் உப்பும் சேர்ந்து வரும். இந்தச் செடி உப்பைத் தாங்காது.

புளூபெரிக்கு மண்ணின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். புளித்த மண்தான் இதற்குத் தேவை என்று தாவரவியலாளர் பிரெடரிக் கோவில் (Coville) என்பவர் 1910இல் எழுதினார். அவரும் பண்ணைக்காரர் எலிசபெத் வைட்டும் சேர்ந்து உழைத்ததில், உங்கள் மாநிலத்து வைட்ஸ்பாக்கில் 1916இல் முதல் சாகுபடிப் பழம் விற்பனைக்கு வந்தது. அங்கே இருப்பது புளிப்பான பைன் காட்டு மணல். எல்லார் கொல்லையிலும் அந்த மண் இருக்காது.

முதலில் மேலே கிடக்கும் சாம்பலை வழித்தெடுத்துவிட்டு மண் பரிசோதனை செய்யுங்கள். பி.எச். கூடியிருந்தால் இயற்கை விவசாயத்துக்கு அனுமதித்த கந்தகத் தூள் போடலாம். 100 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கச் சில மாதங்கள் ஆகும். குளிர்ந்த மண்ணில் அந்த வேலை நடக்காது.

அப்புறம்தான் உரம். இந்தச் செடி தழைச்சத்தை (நைட்ரஜனை) நைட்ரேட்டாக அல்ல, அமோனியமாக எடுக்கத்தான் விரும்பும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்குத் தூள் நன்றாகப் பொருந்தும்; அதில் சுமார் 6 சதவீதம் தழைச்சத்து. நட்டு இரண்டு வருடமான ஒரு செடிக்கு வருடத்துக்குக் கால் கிலோ போதும். மொட்டு விரியும் ஏப்ரலில் பாதி, ஆறு வாரம் கழித்து மீதி. ஜூலைக்குப் பிறகு போட்டால் தளதளவென்று வரும் தளிர் பனிக்காலத்தில் கருகிவிடும்.

கொத்திவிடவே கூடாது. வேர்த்தூவிகள் இல்லாத, முடிபோல மெல்லிய வேர்கள் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கும். மண்ணை மூடிப் பரப்பியிருக்கும் மூடாக்கைக் கையால் விலக்கி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி, திரும்ப மூடித் தண்ணீர் விடுங்கள். மூடாக்குக்குப் பைன் இலைச் சருகு நல்லது. புது மரத்தூள் என்றால் அது மட்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். உரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். காபி போட்ட சக்கையைப் பலர் சொல்வார்கள், ஆனால் அதில் புளிப்பு பெரிதாக மிஞ்சியிருப்பதில்லை.

மஞ்சளான பழைய இலைகளைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். அடுத்து வரும் கொழுந்து என்ன நிறம் என்று பாருங்கள்.