எதிர்ப்பு சக்தி இருந்தும் நாய்க்கடிக்கு ஊசி எதற்கு?

கேள்வி: எனக்குச் சளி, காய்ச்சல் எதுவும் எளிதில் வராது. நேற்று தெருநாய் கணுக்காலில் கடித்து லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவர்களுக்கும் தடுப்பூசி தேவையா?

பதில்: தேவை, இன்றைக்கே. மஞ்சளை அகற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் வைரஸுக்குள்ள கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். பிறகு பெட்டாடின் தடவிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சளி வைரஸ் மூக்கில் நுழைந்தால், தாக்கப்பட்ட செல்களே இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். வெள்ளையணுக்கள் திரளும். நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பெருகி, கிருமியைப் பிடிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளை உருவாக்கும். ரேபிஸில் இந்தச் சங்கிலி உரிய நேரத்தில் தொடங்குவதில்லை. எச்சிலோடு உள்ளே போகும் வைரஸ் கொஞ்சம்தான். அதுவும் நரம்பு முனைக்குள் புகுந்து, நரம்பிழை வழியாகவே மூளையை நோக்கி நகரும். அங்கே ஆன்டிபாடிகளால் அதைப் பிடிக்க முடியாது. உங்கள் எதிர்ப்பு சக்தி எவ்வளவு பலமாக இருந்தாலும், எதிரி வந்த செய்தி அதற்கு உரிய நேரத்தில் போய்ச் சேராது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பவர்கள் மிக மிக அரிது.

தடுப்பூசி அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது. கொல்லப்பட்ட வைரஸைக் கண்டு உடல் ஆன்டிபாடி தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். அந்த இடைவெளிக்குத்தான் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த ஆன்டிபாடி. ரத்தம் வந்த கடிக்கு இது கட்டாயம். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் போட வேண்டும். மருத்துவர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் இதைப் போடுவதில்லை; உடலே தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.

தடுப்பூசியைத் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்கள். தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28-ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மி.லி. முதல் ஊசி போடும் நாள்தான் 0. புட்டத்தில் போடவே கூடாது. அங்குள்ள கொழுப்பில் தங்கினால் ஆன்டிபாடி சரியாக உருவாகாது. முன்பே முழுத் தவணையும் போட்டவர்களுக்கு அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் செல்கள் இருப்பதால் 0, 3 என இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம்.

நாய்க்கு நோய் இருக்கிறதா என்று 10 நாள் கவனிக்கலாமே என்பார்கள். கவனியுங்கள், ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டு.