தேம்ஸும் நாற்றமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் பாதாளச் சாக்கடை பற்றிய கட்டுரையை வாசித்தேன். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று நம்பியவர்களே அதைக் கட்டினார்கள், காலராவும் ஒழிந்தது. கோட்பாடு தப்பாக இருந்ததால் என்ன நஷ்டம்?

மணிவண்ணன்

அன்புள்ள மணிவண்ணன்,

நஷ்டம் பெரிது. நாற்றம்தான் எதிரி என்றால் அதை வீட்டைவிட்டு விரட்டினால் போதும், போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டியதில்லை. எட்வின் சாட்விக் முன்னின்ற சாக்கடை ஆணையம் 1840களின் கடைசியில் அதைத்தான் செய்தது. மலக்குழிகளை மூடி, வீட்டு வடிகால்களைச் சாக்கடையில் இணைத்து, அலசி, எல்லாவற்றையும் தேம்ஸில் விட்டது. குடிநீர்க் கம்பெனிகள் தண்ணீர் இறைத்ததும் அதே தேம்ஸில்.

1854 காலராவின்போது தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852இலேயே ஆற்றின் மேல்பகுதிக்கு, தேம்ஸ் டிட்டனுக்குப் போய்விட்டது. மற்றொன்றான சதர்க்-வாக்ஸால், நகரக் கழிவும் ஓதத்தில் ஏறும் கடல்நீரும் கலக்கும் பாட்டர்சியிலேயே இறைத்தது. எந்த வீட்டில் யாருடைய தண்ணீர் என்பது பல குடித்தனக்காரர்களுக்கே தெரியாது. பணம் கட்டியது வீட்டுச் சொந்தக்காரர். காலரா தண்ணீரால் பரவுகிறது என்று வாதிட்ட மருத்துவர் ஜான் ஸ்நோ, தண்ணீரைக் குப்பியில் பிடித்து, உப்பைக் காட்டிக்கொடுக்கும் சில்வர் நைட்ரேட்டை விட்டார். லாம்பெத் தண்ணீர் லேசாகக் கலங்கியது. சதர்க்-வாக்ஸால் தண்ணீர், பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரண்டது. காலனுக்கு உப்பு முன்னதில் 0.95 கிரெயின், பின்னதில் 37.9. காலராவின் முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்குச் சாவு லாம்பெத்தில் 37, சதர்க்-வாக்ஸாலில் 315.

அதற்குப் பிறகும் ஆட்சியாளர்கள் அசையவில்லை. 1858 கோடையில் தேம்ஸின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத்துத் திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட வேண்டிவந்த பிறகே பாதாளச் சாக்கடையைக் கட்டிய பொறியாளர் ஜோசப் பசல்கெட்டுக்குப் பணம் வந்தது. அவருடைய வேலையில் குறை சொல்ல முடியாது. பல சாக்கடைகளின் குறுக்குவெட்டு முட்டை வடிவம், கூர்முனை கீழே. நீர் குறைந்தாலும் குறுகி ஆழமாக ஓடும், வேகம் விழாது, வண்டல் தங்காது. சரிவு மைலுக்கு 2 அடி. கழிவு நகரத்துக்குக் கிழக்கே போய், ஓதம் வடியும்போது ஆற்றில் விடப்பட்டது. நாற்றத்தை விரட்டக் கட்டியது குடிநீரையும் காத்தது என்றால், அது அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் கிட்டாத இடம் கிழக்கு லண்டன். அங்குள்ள கழிவை மேலேற்றி அனுப்ப வேண்டிய அபே மில்ஸ் நீரேற்று நிலையம் 1868இல்தான் ஓடத் தொடங்கியது. 1866இல் அங்கே மட்டும் 5,500 பேருக்கு மேல் காலராவில் இறந்தார்கள். வடிகட்டாத தண்ணீர் ஒரு சொட்டும் தரவில்லை என்றது அப்பகுதிக் குடிநீர்க் கம்பெனி. இரண்டு வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன் கிடைத்தது. மணல் வடிகட்டியைத் தாண்டி விலாங்கு வராது. கெட்ட காற்றுக் கட்சியில் நெடுநாள் இருந்த புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், இந்த முறை நேராகத் தண்ணீரைக் கைகாட்டினார்.