அடாஜியோவின் காலப்பிரமாணம்

அன்புள்ள ஐயா,

பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மொஸார்ட்டின் 23ஆம் பியானோ கன்செர்ட்டோவைச் (ஏ மேஜர், கே. 488) சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். அதன் இரண்டாம் பகுதி ஒரு பதிவில் ஐந்தரை நிமிடத்தில் முடிகிறது. இன்னொன்றில் ஏழு நிமிடத்தைத் தாண்டுகிறது. ஓர் உறையில் அடாஜியோ (மெதுவாக) என்றும் மற்றொன்றில் ஆண்டான்டே (நடக்கும் வேகத்தில்) என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எது சரியான வேகம்? அதன் சுரங்கள் என் காதுக்குக் கீரவாணி ராகமாகக் கேட்கின்றன. அந்தத் துயரம் சுரங்களிலிருந்து வருகிறதா, மெதுவான நடையிலிருந்தா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

மொஸார்ட் தம் கையெழுத்துப் பிரதியில் எழுதியிருப்பது அடாஜியோ என்றுதான். ஆண்டான்டே என்பது சில பழைய அச்சுப் பதிப்புகள் வழியாகப் பரவியது. ஆகவே மெதுவான நடையே அவர் கேட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு மெதுவாக என்பதை அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது; அதன் அருகில் எழுதப்பட்டுள்ள தாளக் குறியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அது 6/8. நம் வழக்கில் சொன்னால், திஸ்ர நடையில் இரண்டு அடிகள். முதல் சுரம் சற்று நீண்டு, அடுத்தது குறுகி, மூன்றாவதில் ஊன்றி நிற்கும் அந்த அசைவு, சிசிலியானோ என்ற பழைய நடன வகையிலிருந்து வருவது. ஏழு நிமிடத்துக்கு மேல் இழுக்கும்போது வாசிப்பவர் ஆறு தனித்தனி அடிகளாக எண்ணத் தொடங்கிவிடுகிறார். அசைவு நின்றுபோய், ஒவ்வொரு சுரமும் தன் கனத்தைத் தானே சுமக்க வேண்டியதாகிறது. 1987இல் மிலானில் கார்லோ மரியா ஜூலினியின் நடத்துகையில் பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் செய்த பதிவு வேகமான வகையைச் சேர்ந்தது. பலருக்கு அது அவசரமாகப் படுகிறது. எனக்கு அதில் நடனம் கேட்கிறது. ஆயினும் இசைக்குழு நுழையும் இடங்களுக்கு அந்த வேகம் சிறிது மூச்சுக் குறைவானது என்றே கருதுகிறேன்.

துயரத்துக்குக் காரணம் வேகம் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பகுதி எஃப் ஷார்ப் மைனரில் அமைந்தது (மேஜர் பொதுவாக மலர்ச்சியாகவும் மைனர் துயரச் சாயலோடும் ஒலிக்கும் சுர வரிசைகள்). மொஸார்ட்டின் படைப்புகள் அனைத்திலும் அந்த மைனரில் அமைந்த ஒரே பகுதி இதுதான். ஏ மேஜரில் எழுதிய மற்றக் கன்செர்ட்டோக்களில் அவர் நடுப்பகுதியைப் பெரும்பாலும் வேறொரு மேஜருக்குக் கொண்டுபோனார்: ஐந்தாம் வயலின் கன்செர்ட்டோவில் ஈ மேஜர், கிளாரினெட் கன்செர்ட்டோவில் டி மேஜர். இங்கே மட்டும் அதே மூன்று ஷார்ப்களை வைத்துக்கொண்டு, ஆதார சுரத்தை ஏயிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறக்கிவிடுகிறார். முதல் பகுதியில் மலர்ச்சியாகக் கேட்ட அதே சுரங்கள் இப்போது வேறொரு மையத்தை நோக்கி விழுகின்றன.

கீரவாணி என்று நீங்கள் கேட்டது பிழையில்லை. ஹார்மோனிக் மைனரின் சுரங்கள் அவைதாம். ஆனால் பியானோ தனியாக வாசிக்கும் முதல் பன்னிரண்டு அளவைகளின் (தாளச் சுற்றுகளின்) இறுதிப் பகுதியைக் கூர்ந்து கேளுங்கள். முடிவை நெருங்கும்போது கீரவாணியின் சதுச்ருதி ரிஷபம் இருக்க வேண்டிய இடத்தில் சுத்த ரிஷபம் வருகிறது, ஒரு ஜி மேஜர் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) அடித்தளமாக. மேற்கத்திய இசையில் நியாப்பொலிட்டன் என்று அழைக்கப்படும் இந்த நகர்வு, மைனருக்கு நடுவே ஒரு மேஜர் கார்டைக் காட்டி, அந்த ஒளியாலேயே இருளைக் கூட்டுகிறது. ராகம் என்ற அளவில் மட்டும் கேட்டால் இது ஓர் அந்நிய சுரம். கார்டுகளின் ஓட்டத்தில் இந்தப் பகுதியின் நெஞ்சே இங்குதான் இருக்கிறது. பியானோ இதன் மீது ஓடிக் கடக்காமலும், இதற்காகத் தனியே நின்றுவிடாமலும் செல்லும் வேகமே எனக்குச் சரியான வேகம்.

பின்னர் இசைக்குழு நுழைகிறது. இந்தக் கன்செர்ட்டோவில் ஓபோ என்ற காற்றுக் கருவிகள் இல்லை. அவற்றின் இடத்தில் இரண்டு கிளாரினெட்டுகள். 1786 செப்டம்பரில் ஜெர்மனியின் டோனாவேஷிங்கன் அரசவைக்கு இந்தப் படைப்பை அனுப்பியபோது, கிளாரினெட் கலைஞர்கள் இல்லாவிட்டால் அவ்விரு பகுதிகளையும் வயலினுக்கும் வியோலாவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று மொஸார்ட் எழுதினார். நல்ல வேளையாக நாம் கேட்கும் பதிவுகளில் அந்த மாற்றம் தேவைப்படுவதில்லை. நடுவில் ஏ மேஜருக்குத் திரும்பும் பகுதியில் புல்லாங்குழலும் கிளாரினெட்டுகளும் தரும் ஆறுதலை வேறெந்தக் கருவியாலும் தர முடியாது.

அந்த நாட்களில் அவர் வாழ்வில் துயரம் ஏதேனும் நேர்ந்ததா என்று சிலர் தேடுவதுண்டு. 1786 மார்ச் 2 அன்று இதைத் தம் படைப்புப் பட்டியலில் பதிந்தவர், மே 1 அன்று வியன்னாவில் அரங்கேறிய ‘ஃபிகாரோவின் திருமணம்’ என்ற நகைச்சுவை ஓபராவிலும் அதே மாதங்களில் ஈடுபட்டிருந்தார். விளக்கத்தை நான் வாழ்க்கையில் தேடமாட்டேன், இசையிலேயே தேடுவேன்.

முடிவை நெருங்கும்போது தந்திக் கருவிகள் வில்லை விட்டு விரலால் மீட்ட, பியானோ தனித்தனிச் சுரங்களாக மேலும் கீழும் நெடுந்தொலைவு தாவுகிறது. இடைவெளிகளை அலங்காரச் சுரங்களால் நிரப்புவது அக்காலத்து வழக்கத்துக்கு முரணானதல்ல. பல கலைஞர்கள் அவ்வாறே செய்கிறார்கள். மிக மெதுவாக வாசித்தால் அவ்வாறு நிரப்புவது கட்டாயமாகிவிடும், ஏனெனில் பியானோவின் ஒலி அவ்வளவு நேரம் தாங்காது. இரண்டு அடிகளின் அசைவு காக்கப்பட்டிருந்தால், ஒரு சுரம் மங்குவதற்குள் அடுத்தது வந்து சேரும். எதையும் சேர்க்காமலே அந்தத் தாவல் ஒரே பாட்டாகக் கேட்கும். உங்களிடம் உள்ள இரு பதிவுகளையும் இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.