விபத்தைப் பார்த்து நின்றவர்மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் லாரி மோதி ஒருவர் விழுந்து கிடந்தபோது, சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்களே தவிர, யாரும் 108-ஐ அழைக்கவில்லை. இவர்கள்மீது வழக்குத் தொடர முடியுமா? அழைத்திருந்தால் காவல் நிலையம், கோர்ட் என்று அலைய நேருமா?
— வாசகர் ஒருவர், தருமபுரி

பதில்: வெறுமனே பார்த்து நின்றார்கள் என்பதற்காக வழக்குத் தொடர நம் சட்டத்தில் இடமில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆபத்தில் இருப்பவருக்கு, தன்னால் இயன்றும் உதவாமல் இருப்பதே குற்றம்; பிரான்சில் அதற்கு 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இங்கே, கொலை, கொள்ளை போன்ற குறிப்பிட்ட குற்றங்கள் நடப்பதை அறிந்தவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 33-ஆம் பிரிவு சொல்கிறது. சாலை விபத்து அந்தப் பட்டியலில் இல்லை.

கடமை லாரி ஓட்டுநருக்கு உண்டு. கூட்டத்தின் ஆத்திரம் போன்ற, தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்தாலன்றி, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க அவர் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. மருத்துவர்களும் சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விதான், என் பார்வையில், முக்கியமானது. படம் எடுத்தவர்களில் சிலராவது அந்தப் பயத்தில்தான் ஒதுங்கி நின்றிருப்பார்கள். விபத்தில் உதவுவோருக்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, அவற்றுக்குச் சட்ட வலிமை தந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, அடிபட்டவர் இறந்தாலும்கூட, சிவில் வழக்கோ குற்ற வழக்கோ பாயாது என்று உறுதியளிக்கிறது. தொலைபேசியில் தகவல் சொல்பவரையோ மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்ப்பவரையோ பெயர், முகவரி தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அடிபட்டவரின் உறவினராக இல்லாதவரிடம் சேர்க்கைக் கட்டணமும் கேட்கக் கூடாது. நேரில் பார்த்த சாட்சியாக இருக்க நீங்களே முன்வந்தால் மட்டுமே விசாரணை. அதையும் உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ, உங்களுக்கு வசதியான நேரத்தில், ஒரே முறையில் முடிக்க வேண்டும். அப்போது விசாரணை அதிகாரி சீருடையில் வரக் கூடாது என்பதுவரை நெறிமுறையில் இருக்கிறது.

இனி அழைக்க நேர்ந்தால், விபத்து நடந்த இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். ‘பைபாஸில், டீக்கடைக்குப் பக்கத்தில்’ என்றால் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எந்த டீக்கடையைத் தேடுவார்? அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரையும் எண்ணையும், சாலையின் எந்தப் பக்கம் என்பதையும் சொன்னால் போதும்.