நாலு மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2012 மாடல் டபுள் கேபின் பிக்கப் இருக்கிறது. காய்கறி லோடு ஏற்றி நானே ஓட்டுகிறேன். சில மாதங்களாக சென்டர் லாக் தகராறு செய்கிறது. ஓட்டுநர் கதவில் சாவியைத் திருப்பினால் மற்ற கதவுகளும் பூட்டுகின்றன, ஆனால் உடனே எல்லாம் தானாகத் திறந்துகொள்கின்றன. பின்பக்க இடது கதவில் மட்டும் சத்தமே இல்லை, அதைக் கையால்தான் பூட்டுகிறேன். பட்டறையில் கதவைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், “வண்டி பழசு, நாலு மோட்டாரும் கண்ட்ரோல் யூனிட்டும் மாத்திடுங்க” என்கிறார்கள். மாற்றலாமா?
(தாராபுரம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே பார்த்தாலும் அந்த ஐந்து பொருளும் கெட்டிருக்க வாய்ப்பில்லை.

ஒவ்வொரு கதவுக்குள்ளும் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்று இருக்கிறது. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பூட்டும், திசை மாறினால் திறக்கும். ஓட்டுநர் கதவில் மட்டும் கூடுதலாக ஒரு சுவிட்ச் உண்டு. கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்வது அதுதான். கடையில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில் ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டு வயர் இருப்பது இதனால்தான்.

உங்கள் வண்டியில் முன்பக்க இடது கதவும் பின்பக்க வலது கதவும் பூட்டவும் செய்கின்றன, திறக்கவும் செய்கின்றன. அப்படியானால் அந்த இரண்டு மோட்டாரும் நன்றாக இருக்கின்றன. கண்ட்ரோல் யூனிட்டும் இரண்டு கட்டளைகளையும் அனுப்புகிறது, அதனால் அதுவும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஐந்தில் மூன்று இப்படியே கழிந்துவிடுகிறது.

பூட்டியதும் திறந்துகொள்வது ஓட்டுநர் கதவின் கோளாறு. லாட்ச் (கதவைப் பிடித்துப் பூட்டும் கொக்கி அமைப்பு) காய்ந்து இறுகியிருந்தாலோ மோட்டார் தளர்ந்திருந்தாலோ பூட்டு முழுதாகப் போய் உட்காராமல் பாதியில் திரும்பும். சுவிட்சும் அதோடு சேர்ந்து திரும்புவதால் யூனிட் அதை ‘திற’ என்று எடுத்துக்கொண்டு எல்லாக் கதவையும் திறந்துவிடும். சுவிட்சின் தொடுமுனை தேய்ந்திருந்தாலும் இதே கதைதான். முதலில் லாட்சைச் சுத்தம் செய்து வெள்ளை லித்தியம் கிரீஸ் போடச் சொல்லுங்கள். துரு நீக்கும் ஸ்பிரே மட்டும் அடித்தால் சில நாள் சுலபமாக ஓடும், அப்புறம் பழையபடி காய்ந்துவிடும். கிரீஸ் போட்டும் திருந்தாவிட்டால் ஓட்டுநர் கதவு மோட்டாரை மட்டும் மாற்றுங்கள்.

பின்பக்க இடது கதவில் சத்தமே இல்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது வயரை. நடுத்தூணிலிருந்து கதவுக்குள் போகும் இடத்தில் வயர்கள் ஒரு ரப்பர் குழாய்க்குள் இருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. இத்தனை ஆண்டுகளில் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும், மேலுறை மட்டும் முழுசாகத் தெரியும். இதை நீங்களே சோதிக்கலாம். ஒருவர் ஓட்டுநர் கதவில் திரும்பத் திரும்பப் பூட்டித் திறக்கட்டும். நீங்கள் பின்கதவை மெதுவாக ஆட்டியபடி காது கொடுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் ‘டக்’ என்று சத்தம் வந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, வயர்தான் அறுந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியன் சோதிக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் வரும், டிஜிட்டல் மீட்டர் அதைத் தவறவிடலாம். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஆனால் மோட்டாரைத் திருப்ப அந்த ஒரு இழை போதாது. அதனால் மோட்டாரின் கப்ளரில் (வயர்களைச் செருகி இணைக்கும் முனையில்) பல்பு வைத்த டெஸ்ட் லைட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் மோட்டாரில் கோளாறு. மங்கினாலோ எரியாவிட்டாலோ வயரிலோ கப்ளரிலோ கோளாறு.

வயர் என்றால் அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். மடங்கும் இடத்தில் சால்டர் வைத்தாலும் அந்தப் பகுதி விறைத்து, பக்கத்திலேயே மறுபடி அறும். பல இழை கொண்ட புது வயரை ரப்பர் குழாய்க்குள் முழுசாக இழுத்து, மடங்காத இடத்தில் இணைப்பதுதான் சரியான வேலை.

மோட்டார்தான் போயிருக்கிறது என்றால், தனியாகக் கம்பியோடு இணைக்கும் வகை சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். லாட்சோடு சேர்ந்தே வரும் ஒரிஜினல் யூனிட்டாக இருந்தால் விலை பல மடங்கு ஏறும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்பது டோர் பேடை (கதவின் உள்பக்க அட்டையை) கழற்றினால்தான் தெரியும், கழற்றாமல் விலை சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வண்டிக்குள் வராமல் தடுப்பது அதுதான். அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டுப் பேடை மாட்டினால் அடுத்த மழைக்குப் பேடு ஊறி, தரைவிரிப்பும் நனையும். மூடுவதற்கு முன் அந்தத் தாள் திரும்ப ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கழற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கையால் பூட்டித் திறக்க முடிகிறவரை இதற்கு அவசரமில்லை. ஆனால் ஏதாவது ஒரு கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்றால் அன்றே பார்க்க வேண்டும். அதற்கு முன் பின்கதவின் ஓரத்தில் இருக்கும் சைல்டு லாக் தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார் பட்டறைக்காரர். லோடு வண்டிக்கு நுகர்வோர் சட்டமெல்லாம் செல்லாது என்றும் சொல்கிறார். உண்மையா?
(அதே வாசகர்)

பதில்: பில் வாங்குங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான், பழைய 28 சதவீதத்தைப் போட்டால் கேள்வி கேளுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறிய பட்டறை வரி வசூலிக்கக் கூடாது, ஆனால் ரசீது கொடுப்பதில் அவருக்கும் தடை ஏதுமில்லை. எந்தக் கதவில் என்ன மாற்றப்பட்டது, எத்தனை மாத வாரண்டி, கூலி எவ்வளவு என்பது அதில் தனித்தனியாக இருக்கட்டும்.

லோடு வண்டி விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்குச் சட்டம் விலக்கு தருகிறது. நீங்களே ஓட்டிப் பிழைக்கும் ஒற்றை வண்டி என்பதால் தைரியமாகப் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

கேள்வி: ஒரிஜினல் லாட்ச் விலை கட்டுப்படியாகவில்லை. சென்னை புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் பழையது வாங்கலாமா?
(திருவள்ளூர் வாசகர்)

பதில்: வாங்கலாம். உங்கள் பழைய லாட்சைக் கையோடு கொண்டுபோங்கள். இடது வலது மாறிவிடக் கூடாது, கப்ளரின் வடிவமும் பின்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும், ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு இது மாறியிருக்கலாம். காசு கொடுக்கும் முன் கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு திசையிலும் பத்துப் பதினைந்து முறை தயங்காமல் அடிக்க வேண்டும். முதல் சில அடிக்கு வேகமாகப் போய்ப் பிறகு சோர்ந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.