எம்.ஜி.பி. ஜி.டி.யை ஓட்டிக்கொண்டே டிராக்குக்குப் போய்த் திரும்ப முடியுமா?

தக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “அண்ணாச்சி, பீர்மேட்டில் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்த 1969 மாடல் எம்.ஜி.பி. ஜி.டி. என்ற பழைய பிரிட்டிஷ் காரை வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. கம்பிச் சக்கரம், எஞ்சின் சுற்றைக் குறைக்கிற ஓவர்டிரைவ் கியர் உண்டு. கோயம்புத்தூர் கரி ஸ்பீடுவே பந்தய டிராக் வரை ஓட்டிக்கொண்டே போய், டிராக்கில் நாலு ரவுண்டு அடித்துவிட்டு, அதே காரில் ஊர் திரும்ப ஆசை. கூட்டாளிகள் ஜப்பான் எஞ்சின் ஒன்றை மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா? விண்டேஜ் நம்பர் வாங்கவேண்டுமா? எட்டு வயசு மகள் பின்சீட்டில் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள்.”

தம்பி, ஜப்பான் எஞ்சின் வேண்டாம். கூட்டாளிகளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜி.டி. என்ற இரண்டு எழுத்துக்கு ‘கிரான் டூரிஸ்மோ’ என்று பொருள். இத்தாலிக்காரர்கள் வைத்த பெயர். பெட்டி படுக்கையோடு நாடு விட்டு நாடு போகிற கார். போன இடத்தில் டிராக் இருந்தால் அதிலும் நாணப்படாமல் ஓடவேண்டும். திரும்பி வருவதும் அந்த வேலையில் சேர்த்திதான். 1963 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒரு எம்.ஜி.பி. மணலில் புதைந்தது. ஓட்டியவர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மண்ணைத் தோண்டி வண்டியை வெளியே எடுத்தார். அப்படியும் பந்தயத்தை முடித்து 12ஆவது இடம். அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற ஆசிரியர் தன் 1966 வால்வோ பி1800-ஐ 30 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டினார். இரண்டு வண்டியிலும் பிரமாதமான குதிரைத்திறன் ஒன்றும் கிடையாது. ஆகவே உங்கள் பணத்தைப் பவருக்குப் போடாமல், நிற்பதற்கும் சூடாகாமல் இருப்பதற்கும் போடுங்கள்.

உங்கள் காரின் எஞ்சின் நம் ஊருக்கு அந்நியன் அல்ல. அம்பாசடரில் வந்த 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சினும் ஒரே ‘பி சீரிஸ்’ குடும்பம். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டுக்கும் 88.9 மி.மீ. சிலிண்டர் விட்டமான ‘போர்’தான் வேறு: அதில் 73, இதில் 80.26. அதனால் அம்பாசடர் பிஸ்டன், ஹெட் கேஸ்கட் எல்லாம் இதற்குப் பொருந்தாது. வாங்கி மாட்டப் பார்க்காதீர்கள். ஆனால் கை பழகியவருக்கு வேலை ஒன்றுதான். வடசேரியில் வாடகை அம்பாசடர்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு பெரியவரிடம் இப்படி ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பானட்டைத் தூக்கிப் பார்த்தவர், “இது நம்ம அம்பாசடர்லா மக்கா!” என்று சிரித்துவிட்டு, ராக்கர் கவரைக் கழற்றச் சொன்னார். எட்டாம் வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாம் வால்வின் இடைவெளியைச் சரிசெய்யவேண்டும், ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, ஆறுக்கு மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரவேண்டும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), எஞ்சின் ஆறியிருக்கும்போது. புத்தகத்தைத் திறக்காமல் எட்டு டேப்பெட்டையும் முடித்துவிட்டார். உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தேடிப் பிடியுங்கள்.

அந்த 15 தவ் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காரணம் இருக்கிறது. 1969இல் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அதுதான் காவல். இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோல் போய்விட்டது. ஹெட்டில் கடினமான சீட் ரிங் போடாத எஞ்சினை டிராக்கில் 5,000 ஆர்.பி.எம். சுழலவிட்டால் வால்வு மெல்ல மெல்ல இரும்புக்குள் இறங்கும். ஊர் சுற்றும்போது தெரியாது. டிராக் போய்வந்து அளக்கும்போது 15 இருந்தது 11, 10 என்று குறைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி சீட் போடும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து துரு. பீர்மேட்டு மழையில் கிடந்த வண்டி, இனி நம் கடற்காற்றில் நிற்கப் போகிறது. இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி போன்ற சில்தான் முதுகெலும்பு. மணவாளக்குறிச்சியில் கறுப்பு மணலைக் காந்தம் வைத்துப் பிரிக்கிற மாவட்டத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி சில் நெடுக இழுத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் துருவை மூடிய பட்டிதான். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இடித்தாலோ டிராக் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு டிங்கர் கடைக்குப் போங்கள்.

பெட்ரோல் விஷயம் புதுத் தலைவலி. இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்து உப்பச் செய்யும். டாங்க் முதல் கார்ப்பரேட்டர் வரை எத்தனால் தாங்குகிற குழாய் மாற்றுங்கள், இரண்டு எஸ்.யூ. கார்ப்பரேட்டருக்கும் புது சீல் கிட் போடுங்கள். எத்தனால் கலந்ததால் எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல்–காற்றுக் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துபோகும். கார்ப்பரேட்டரில் ஜெட்டுக்கு அடியில் இருக்கும் ஆறுபட்டை நட்டை ஒன்று, ஒன்றரைப் பட்டை கீழே இறக்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த மல்லி நிறம் என்றால் சரி. வெள்ளையாக இருந்தால் இன்னும் பட்டினி. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் அரை டாங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

ஈரம் என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. பல வருஷம் முன்பு, ஐப்பசி மழை முடிந்த கையோடு ஒரு பழைய காரை டிராக்குக்குக் கொண்டுபோனேன். பிரேக் பேட் புதுசு, டிஸ்க் புதுசு. பிரேக் ஆயிலை மட்டும் ‘நிறம் நல்லாத்தானே இருக்கு’ என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ரவுண்டில், நேர்ப்பாதை முடிகிற இடத்தில் மிதித்தேன். பெடல் ஈரச் சகதியில் கால் வைத்தது போலத் தரைக்குப் போனது. பதறிப்போய் இரண்டு மூன்று முறை அடித்து மிதித்து, கியரைக் குறைத்து, புல்லில் இறங்கித்தான் நின்றேன். நடந்தது இதுதான்: புதிதாகத் திறந்த ‘டாட் 4’ ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். இரண்டு மழைக்காலம் வாங்குகிற நம் மாவட்டத்தில் அந்த ஈரம் சீக்கிரமே ஏறும். கொதித்தால் குழாயில் நீராவி. நீராவியை அமுக்கலாம், அதைக் கொண்டு வண்டியை நிறுத்த முடியாது.

ஆகவே புறப்படுவதற்கு முந்தைய வாரம் சீல் உடைக்காத புது டாட் 4 பாட்டில் வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும்வரை ப்ளீட் செய்யுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ்களின் தேதி தெரியாவிட்டால் தூக்கி எறியுங்கள். உள்ளே வீங்கி அடைத்திருந்தாலும் வெளியே பளபளவென்று இருக்கும்.

டயர் சுலபம். 165/80 ஆர்14 போதும்; ஸ்விஃப்ட் காருக்கு வருகிற அதே அளவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம் வாரமும் வருஷமும். ஆறு வருஷம் தாண்டியதை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். கம்பிச் சக்கரம் என்பதால் டியூப் கட்டாயம். ஒரு ஸ்பூனால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் இறுக்கம், ‘டொக்’ என்றால் தளர்வு.

இனி காகிதம். ஐம்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு என்று 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறங்கலாம். நினைத்தபோது கோயம்புத்தூர் போக அது உதவாது. உங்கள் கேரள ஆர்.சி. உயிரோடு இருந்தால் அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாதாரணப் பதிவாகவே மாற்றுங்கள் என்பது என் கட்சி. செலவு கசக்கும்: இருபது வருஷம் தாண்டிய இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 80,000 ஆக்கிவிட்டார்கள். ரோட்டில் ஓட்டாமல் அழகு பார்க்க மட்டும் என்றால் வி.ஏ. லாபம். எந்த வழியில் போனாலும் வேறு எஞ்சின் மாட்டினால் சிக்கல்தான். இன்சூரன்சையும் படித்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனைக்குப் பாலிசி செல்லாது என்று அதிலேயே இருக்கும். டிராக்கில் நசுங்கினால் செலவு உங்களுடையது.

நேராகக் கோயம்புத்தூர் கிளம்பிவிடாதீர்கள். முதலில் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போய் வாருங்கள். ரப்பர் தோட்டத்து வளைவுகளில் ஸ்டீயரிங், பிரேக் இரண்டின் யோக்கியதையும் தெரிந்துவிடும். பிறகு ஒரு நாள் திருநெல்வேலி வரை போய்த் திரும்புங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தலில் ஆனி ஆடிக் காற்று இந்த லேசான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். விடியுமுன் தாண்டிவிடுவது நல்லது. நான்காம் கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 3,500 சுற்றும். ஓவர்டிரைவ் போட்டால் 2,800. நானூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற பயணத்தில் அந்த 700 சுற்று உங்கள் காதுக்கும் பெட்ரோலுக்கும் மிச்சம். எஞ்சின் சூடான பின் ஓடும்போது ஆயில் பிரஷர் 50க்குக் கீழே இறங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50, துத்தநாகச் சேர்மானம் உள்ளதாகப் பாருங்கள். பாயிண்ட், கண்டென்சர், ஃபேன் பெல்ட் தலா ஒன்று கையில் இருக்கட்டும். பின்பக்கம் ‘டிக் டிக்’ என்று அடிக்கும் பெட்ரோல் பம்ப் மௌனமானால் ஸ்பானரால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கரி டிராக் ஒரு ரவுண்டு 2.1 கி.மீ. மூன்று ரவுண்டு வேகமாக, நான்காவது பிரேக்கைத் தொடாமல் ஆறவிட்டு, உள்ளே வந்துவிடுங்கள். வந்ததும் ஹேண்ட்பிரேக் இழுக்காதீர்கள். சூட்டில் டிரம் கோணிவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மத்தியானத்தோடு நிறுத்துங்கள். சாயங்காலம் ஓட்டவேண்டிய வண்டி அது.

மகள் விஷயம். ஜி.டி.யின் பின்சீட் என்பது மெத்தை வைத்த பலகை. அந்தக் காலத்தில் அதற்கு பெல்ட்டும் கிடையாது. அம்மாவோடு நாகர்கோவில்–கோவை ரயிலில் வரட்டும். பேச்சிப்பாறை ஓட்டத்துக்கு, முன்சீட்டில் பெல்ட்டும் பூஸ்டர் சீட்டும் போட்டு, அவளைக் கூட்டிப் போங்கள். ஓவர்டிரைவ் சுவிட்சை அவளே தட்டட்டும்.