வேர்க்குருவுக்குப் பவுடர் வேண்டாம்

சகோதரி, தண்டையார்பேட்டையில் மேல்மாடி வீடு, இரண்டு வயதுப் பையனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு, பவுடர் கொட்டியும் குறையவில்லை, ராத்திரி முழுக்க அழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். பாவம் பிள்ளை.

முதலில் பவுடரை நிறுத்துங்கள். வியர்வைத் துளை அடைபட்டுத்தான் வேர்க்குரு வருகிறது. கழுத்து மடிப்பில் பவுடரும் வியர்வையும் குழைந்து வெள்ளைக் கோடாக நிற்குமே, அது இன்னும் அடைக்கும். எண்ணெயும் இப்போது வேண்டாம். படுக்கும் முன் வெறும் தண்ணீரில் குளிப்பாட்டி, மடிப்புகளைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் சுடும், அதனால் காலையிலேயே வாளியில் பிடித்து வையுங்கள்.

பகலில் குடித்த வெயிலை மாடித் தளம் ராத்திரிதான் கக்கும். வெயில் தாழ்ந்ததும் மேலே ஒரு வாளி தண்ணீர் தெளியுங்கள். கடல் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வரம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியதும் கிழக்கு ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மோர், நுங்கு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நுங்கை மசித்தே கொடுங்கள், முழுசாக வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அப்புறம், குருவில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.